நிழலைத் தூக்கும்போது வெளிப்படுபவை: மிரர்லெஸ் கேமராவின் நாய்ஸும் வரிகளும்

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒருவரைப் படம் எடுக்கிறீர்கள். வெளியே தெரியும் வானம் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக, கேமரா வாங்கும் ஒளியின் அளவான எக்ஸ்போஷரைக் குறைத்து வைக்கிறீர்கள். முகம் இருட்டில் விழுந்துவிடுகிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புதானே, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் கணினியில், இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள். முகம் துலங்கி வருகிறது. ஆனால் கருங்கூந்தலுக்குள் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பொடிப்புள்ளிகள் தெரிகின்றன. இன்னும் சற்றுத் தள்ளினால், அதே கூந்தலின் குறுக்கே, சீப்பால் கீறியதுபோல் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன.

புதிதாக மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) வாங்கியவர்கள் இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘நாய்ஸ்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகளும் அந்தக் கோடுகளும் வெவ்வேறு காரணங்களால் பிறப்பவை. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. சில நேரங்களில் அதை இன்னும் எடுப்பாகக் காட்டிவிடவும் கூடும். ஆகவே எந்த ஸ்லைடரையும் தொடுவதற்கு முன், கண்ணில் படுவது எந்த வகைக் குறை என்று அடையாளம் காண வேண்டும் என்பதையே இங்கே முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். மற்ற படிகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடர்கின்றன.

முதல் படி: குறையை அடையாளம் காணுதல்

படத்தை ரா கோப்பாகத் திறந்து, மென்பொருள் தானாகச் செய்யும் நாய்ஸ் குறைப்பையும் ஷார்ப்பனிங்கையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, 100 சதவீத அளவில் பாருங்கள். கேமராவே உருவாக்கும் ஜேபெக் படத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அதில் கேமரா ஏற்கெனவே புள்ளிகளைத் துடைத்துவிட்டிருக்கும், துடைத்ததில் தோலின் நுண்மையும் சேர்ந்து போயிருக்கும். வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிகளைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. இருட்டில் உங்களுக்குக் காட்சி தெரிய வேண்டும் என்பதற்காகக் கேமரா அந்த நேரலைப் படத்தின் வெளிச்சத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் புள்ளிகள் நீங்கள் எடுக்கப்போகும் படத்தின் புள்ளிகள் அல்ல.

அடுத்து, கேமராவை அசைக்காமல் ஒரே அமைப்பில் இரண்டு படங்கள் எடுத்து ஒன்றுடன் ஒன்று ஒப்பிடுங்கள். இரண்டு படங்களிலும் புள்ளிகள் இடம் மாறிச் சிதறியிருந்தால் அது ஒளியின் பற்றாக்குறையால் வந்த நாய்ஸ். அதே புள்ளி இரண்டிலும் அதே இடத்தில் ஒளிர்ந்தால் அது சூடேறிய பிக்சல். ஒழுங்கான இடைவெளியில், படத்தின் நீளவாக்கில் மயிரிழைபோல் ஓடும் கோடுகள், ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரின் அமைப்பிலிருந்து வருபவை. விளிம்பு மங்கிய அகலமான பட்டைகள் வெளிச்சமும் இருளுமாக மாறிமாறி வந்து, ஒவ்வொரு படத்திலும் இடம் பெயர்ந்தால், குறை கேமராவில் இல்லை, அறையின் விளக்கில் இருக்கிறது.

இரண்டாம் படி: நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

ஒளி சென்சாரின் மேல் நீரோட்டம்போல் சீராகப் பாய்வதில்லை. மழைத்துளிகள்போல் ஃபோட்டான்கள் என்னும் தனித்தனித் துகள்களாக வந்து விழுகிறது. திறந்த வெளியில் ஒரே அளவுள்ள கிண்ணங்களை வரிசையாக வைத்தால், நல்ல மழையில் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். லேசாகத் தூறினால் ஒன்றில் ஐந்து துளியும் பக்கத்தில் ஒரு துளியுமாக இருக்கும். பிக்சல்களின் கதையும் இதுவே. சராசரியாக விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஏற்றத்தாழ்வு பிக்சல்களுக்கிடையே இருக்கும். 10,000 ஃபோட்டான்கள் விழும் வானப் பகுதியில் ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. அதே படத்தில் 100 ஃபோட்டான்கள் மட்டுமே விழும் கூந்தல் பகுதியில் ஏற்றத்தாழ்வு 10, அதாவது 10 சதவீதம். இதனால்தான் ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த படத்திலும் நிழற்பகுதி சொரசொரப்பாக இருக்கிறது. இதற்கு மேல், பிக்சலில் சேர்ந்த மின்னூட்டத்தை அளந்து எண்ணாக மாற்றும்போது மின்சுற்றும் தன் பங்குக்குச் சில எலக்ட்ரான் அளவு வாசிப்புப் பிழையைச் சேர்க்கிறது. வெளிச்சமான பகுதியில் அது பொருட்டே அல்ல, ஆழ்ந்த நிழலில் அதுவே பெரிதாகிறது.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதுதான் நாய்ஸை உண்டாக்குகிறது என்ற கருத்து இங்கேதான் தவறிப்போகிறது. ஐஎஸ்ஓ, சென்சாரில் விழுந்த ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. விழுந்ததை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. ஐஎஸ்ஓ உயரும்போது கேமரா ஷட்டர் நேரத்தைக் குறைத்து ஒளியைக் குறைவாக வாங்குவதால்தான் நாய்ஸ் கூடுகிறது. ஐஎஸ்ஓ 100-ஐப் பிடிவாதமாக வைத்துக்கொண்டு நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) இருட்டாக எடுத்துக் கணினியில் தூக்கினால், அதே ஷட்டர், லென்ஸின் திறப்பான அபெர்ச்சரும் அதே என்ற நிலையில் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்த படத்தைவிடச் சுத்தமான படம் கிடைக்காது. பல கேமராக்களில் மோசமான படமே கிடைக்கும். நானும் தொடக்கத்தில் இந்தப் பிடிவாதத்தால் திரும்ப எடுக்க முடியாத பல படங்களைக் கெடுத்துக்கொண்டேன்.

சென்சாரின் பரப்பளவும் இதே கணக்கில் வருகிறது. ஃபுல்ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 × 13 மி.மீ., ஏறத்தாழ 225 சதுர மி.மீ. ஒரே எக்ஸ்போஷரில் பெரிய சென்சார் மொத்தமாக நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான ஒளியை வாங்குகிறது. சிறிய சென்சாரில் அபெர்ச்சரை இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க முடிந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதால், கேமரா உடலை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் லென்ஸைப் பற்றி யோசிப்பது நல்லது.

மூன்றாம் படி: எடுக்கும்போதே ஒளியைச் சேர்த்தல்

வரிசை முக்கியம். முதலில் காட்சியில் இருக்கும் ஒளியைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள்: ஜன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தவரைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பலாம், முகத்துக்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பலாம். முகத்தில் விழும் ஒளி இரட்டிப்பானால் அது ஒரு முழு ஸ்டாப். நான்கு ஸ்டாப் தூக்க வேண்டிய இடத்தில் மூன்று தூக்கினால் போதும். எந்த மென்பொருளும் தர முடியாத தரம் இந்த ஒரு அட்டையில் இருக்கிறது. பிறகு அபெர்ச்சர்: எஃப் 4-லிருந்து எஃப் 2-க்குத் திறந்தால் ஒளி நான்கு மடங்கு. அதன் பிறகு ஷட்டர்: அசையாத பொருளாக இருந்தால், சென்சாரை அசைத்துக் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியை நம்பி 1/15 நொடிக்கும் போகலாம், ஓடும் குழந்தைக்கு 1/250 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். இவை மூன்றும் முடிந்த பிறகே ஐஎஸ்ஓ. அப்போது அதைத் தயங்காமல் உயர்த்துங்கள். புள்ளிகளுள்ள கூர்மையான படத்தைச் சரிசெய்யலாம். அசைவில் கலங்கிய படத்தைச் சரிசெய்ய முடியாது.

படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை, ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) வெளுத்து வெட்டுப்படாத எல்லை வரை வலப்பக்கமாக நகர்த்தி எடுப்பது நிழலுக்குச் செய்யும் பெரிய உதவி. திரையில் காணும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலான கேமராக்களில் ஜேபெக் படத்திலிருந்து கணக்கிடப்படுவதால், அது வெட்டுப்பட்டதாகக் காட்டும் இடத்தில் ரா கோப்பில் இன்னும் சிறிது இடம் மிச்சமிருக்கும். எவ்வளவு என்பதை உங்கள் கேமராவில் நீங்களே சோதித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஏனெனில் செந்நிறப் பூவில் சிவப்பு மட்டும் தனியே வெட்டுப்பட்டிருப்பதைப் பொது ஹிஸ்டோகிராம் காட்டாது.

இப்போதைய சென்சார்கள் பலவற்றில் இரண்டு பெருக்க நிலைகள் உள்ளன. ஒரு குறிப்பிட்ட ஐஎஸ்ஓவைத் தாண்டும்போது பிக்சலின் மின்சுற்று மாறி, வாசிப்புப் பிழை சட்டென்று குறையும். சோனி ஏ7 மார்க் 3-இல் அந்த இடம் ஐஎஸ்ஓ 640. ஆகவே அந்தக் கேமராவில் ஐஎஸ்ஓ 500-இல் எடுத்து நிழலைத் தூக்குவதைவிட, ஹைலைட்டுக்கு இடமிருந்தால் 640-இல் எடுப்பது நிழலுக்கு நல்லது. உங்கள் கேமராவில் அது எந்த எண் என்பதைப் பின்னால் சொல்லும் மூடிச் சோதனையில் காணலாம்.

நான்காம் படி: சொல்லாமல் நிழலைத் தூக்கும் அமைப்புகள்

கேமராவிலும் மென்பொருளிலும் சில வசதிகள் நம்மைக் கேட்காமலேயே நிழலைத் தூக்குகின்றன. கேனான் கேமராக்களில் ஹைலைட் டோன் பிரயாரிட்டியை இயக்கினால் ஐஎஸ்ஓ 200-க்குக் கீழே இறங்காது. ஃபியூஜிஃபில்மில் டைனமிக் ரேஞ்சை 400 சதவீதத்தில் வைத்தால் அடிப்படை ஐஎஸ்ஓவைப்போல் நான்கு மடங்கு தேவைப்படும். ஹைலைட்டைக் காப்பதற்காகக் கேமரா ஒளியைக் குறைத்து வாங்கி, நிழலைப் பின்னர் பெருக்குகிறது என்பதே இதன் பொருள். தேவைப்படும்போது இவை அருமையான வசதிகள். மறந்துபோய் எப்போதும் இயங்கவிட்டால், நல்ல வெளிச்சத்திலும் நிழல் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

மூலைகளில் மட்டும் நாய்ஸ் கூடுதலாகத் தெரிந்தால் லென்ஸ் திருத்தத்தைச் சந்தேகியுங்கள். மிரர்லெஸ் லென்ஸ்கள் பல, மூலை இருட்டை மென்பொருள் நீக்கிவிடும் என்ற கணக்கிலேயே வடிவமைக்கப்படுகின்றன. மூலையை இரண்டு ஸ்டாப் தூக்கித் திருத்தினால், நடுவில் ஐஎஸ்ஓ 3200 போல் இருக்கும் படம் மூலையில் ஐஎஸ்ஓ 12,800 போல் இருக்கும். திருத்தத்தைப் பாதியாகக் குறைப்பதோ, அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் மூடுவதோ போதுமான தீர்வு.

ஐந்தாம் படி: வரிகளும் பட்டைகளும்

கூந்தலில் கண்ட மெல்லிய கோடுகளுக்கு வருவோம். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸைக் கண்டறியும் பகுதி, கண்ணாடிக்குக் கீழே தனியே இருந்தது. மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லாததால் அந்த வேலையைப் படம் பிடிக்கும் சென்சாரே செய்ய வேண்டியிருக்கிறது. 2010-இல் ஃபியூஜிஃபில்ம் தன் சிறிய கேமரா ஒன்றில் ஃபோகஸ் பிக்சல்களைச் சென்சாருக்குள்ளேயே பதித்தது. 2011-இல் நிக்கான் 1 வரிசை அதை மிரர்லெஸுக்குக் கொண்டுவந்தது. பல சென்சார்களில் இந்த ஃபோகஸ் பிக்சல்கள் பாதி மறைக்கப்பட்டவை. குறிப்பிட்ட இடைவெளிகளில் வரிசை வரிசையாக அமைந்தவை. அந்த வரிசைகளில் விழும் ஒளி மற்ற வரிசைகளிலிருந்து வேறுபடுவதால் கேமரா கணக்கிட்டு ஈடுகட்டுகிறது. சாதாரணப் படத்தில் அந்த ஈடு கச்சிதமாக இருக்கும். நிழலை நான்கைந்து ஸ்டாப் தூக்கும்போதும், எதிரிலிருந்து வரும் வலுவான ஒளி லென்ஸுக்குள் புகுந்து சென்சாரின் மேல் சாய்வாகச் சிதறும்போதும் கணக்கு மயிரிழை அளவு தவறி, வரிசைகள் கோடுகளாக வெளிப்படுகின்றன. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் கோடுகளும் செங்குத்தாக நிற்கும். இந்தக் குறையை உறுதிப்படுத்த இது எளிய அடையாளம்.

இதற்கு நாய்ஸ் குறைப்பு மருந்தல்ல. புள்ளிகளைத் துடைத்த பிறகு கோடுகள் மட்டும் தனித்து நின்று இன்னும் துலக்கமாகத் தெரியும். செய்ய வேண்டியது வேறு: லென்ஸ் ஹூடைப் பொருத்துங்கள், அல்லது கையால் மறைத்து ஒளி நேராக லென்ஸில் விழாமல் தடுங்கள், சில அங்குலம் நகர்ந்து நின்று, ஒளிமூலத்தை ஒரு தூணுக்கோ மரக்கிளைக்கோ பின்னால் போகச் செய்யுங்கள், அசையாத காட்சியென்றால் ஜன்னலுக்கு ஒன்றும் முகத்துக்கு ஒன்றுமாக இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணையுங்கள். எடுத்து முடித்த படத்தில் கோடுகள் இருந்தால், ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ஃபோகஸ் பிக்சல் வரிகளை நீக்குவதற்கென்றே ஒரு வடிகட்டி, சில கேமராக்களுக்கு மட்டும், உள்ளது.

அகலமான பட்டைகள், எந்தப் பாகமும் அசையாமல் சென்சாரே படத்தை வாசித்து முடிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரால் வருபவை. பெரும்பாலான சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் மங்கி ஒளிர்கின்றன. வாசித்து முடிப்பதற்குள் விளக்கு பல முறை மங்கிவிடுவதால் அது பட்டையாகப் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 50 ஹெர்ட்ஸ் பகுதிகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் பகுதிகளில் 1/60 அல்லது 1/120 நொடி வைத்தால் பெரும்பாலும் தீரும். சில எல்இடி விளக்குகள் இதைவிட மிக விரைவாக மினுங்குவதால், அங்கே ஷட்டர் நேரத்தைச் சிறிது சிறிதாக மாற்றித் திரையில் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும்.

எலக்ட்ரானிக் ஷட்டருக்கு இன்னொரு விலையும் உண்டு. சில கேமராக்கள் சத்தமில்லாத நிலையிலோ அதிவேகத் தொடர் படங்களிலோ 14 பிட்டுக்குப் பதிலாக 12 பிட்டில் பதிவு செய்கின்றன. 16,384 படிநிலைகள் இருந்த இடத்தில் 4,096 மட்டுமே மிஞ்சும். வெளிச்சமான பகுதியில் இது தெரியாது, நிழலைத் தூக்கும்போது தெரியும். இழப்புள்ள சுருக்கத்தில் சேமித்த ரா கோப்பிலும், இருளையும் வெளிச்சத்தையும் பிரிக்கும் கூரிய விளிம்புகளின் ஓரத்தில் கட்டம் கட்டமான சிதைவு வரக்கூடும். மெனுவில் இழப்பில்லாத சுருக்கம் என்ற தெரிவு இருந்தால் அதையே வையுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷர்களில் வெப்பம்தான் எதிரி. சென்சாரில் ஒளியே விழாதபோதும் வெப்பத்தால் ஊறும் மின்னோட்டம், ஏறத்தாழ ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் இரட்டிப்பாகிறது. மிரர்லெஸ் கேமராவில் காட்சியைக் காட்டுவதற்காகச் சென்சார் எந்நேரமும் இயங்கிக்கொண்டிருப்பதால் அது எளிதில் சூடேறும். இரவுப் படங்களுக்கு இடையே கேமராவை அணைத்து வையுங்கள். மடங்கும் திரையைக் கேமராவின் உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வசதியை இயக்கினால், 30 நொடிப் படத்துக்குப் பிறகு கேமரா ஷட்டரை மூடி இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுத்து, அதிலுள்ள சூட்டுப் புள்ளிகளைக் கழிக்கும். கேமரா நின்றுவிட்டதாக எண்ணி இடையில் அணைத்துவிடாதீர்கள். வழக்கமான படங்களிலும் ஒரே இடத்தில் நிலையாக ஒளிரும் புள்ளி இருந்தால், பல கேமராக்களின் மெனுவில் உள்ள பிக்சல் மேப்பிங் ஒரே நிமிடத்தில் அதைச் சரிசெய்துவிடும்.

ஆறாம் படி: உங்கள் கேமராவின் எல்லையை அளத்தல்

ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ரா வடிவில், 1/100 நொடியில், அடிப்படை ஐஎஸ்ஓவிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் எடுங்கள். எல்லாப் படங்களையும் கணினியில் ஒரே மாதிரி இருக்குமாறு பெருக்குங்கள்: ஐஎஸ்ஓ 100-க்கு 5 ஸ்டாப் என்றால் 200-க்கு 4, 400-க்கு 3 என்று இறங்கிவாருங்கள். சொரசொரப்பு சட்டென்று குறையும் இடம், முன்னே சொன்ன இரண்டாம் பெருக்க நிலை. கோடுகளும் ஊதாச் சாயலும் எந்த ஐஎஸ்ஓவில் தெரிகின்றன என்பதும் இங்கேயே புலப்படும். பிறகு அதே சோதனையை எலக்ட்ரானிக் ஷட்டரில் செய்து ஒப்பிடுங்கள்.

மூடிச் சோதனையைவிட எனக்குப் பயன்பட்டது அடுத்த சோதனை. புத்தக அலமாரி போன்ற, இருண்ட இடுக்குகளுள்ள அசையாத காட்சி ஒன்றைச் சரியான எக்ஸ்போஷரில் ஒரு முறையும், பிறகு ஐஎஸ்ஓவை மாற்றாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஸ்டாப் குறைத்தும் எடுத்து, ஒவ்வொன்றையும் குறைத்த அளவுக்கே கணினியில் தூக்குங்கள். எந்தப் படத்தில் முதன்முதலாகக் கோடோ நிறச் சாயலோ உங்கள் கண்ணை உறுத்துகிறதோ, அதற்கு முந்தைய படமே உங்கள் எல்லை. மூன்று ஸ்டாப் என்று தெரிந்துவிட்டால், களத்தில் நிற்கும்போது நிழலை நம்பி எவ்வளவு குறைக்கலாம் என்பதில் குழப்பமே இருக்காது.

ஏழாம் படி: கணினியில் செய்யும் வரிசை

எக்ஸ்போஷரையும், விளக்கின் நிறச் சாயலை நீக்கும் ஒயிட் பேலன்ஸையும் முதலில் முடித்துவிடுங்கள். ஒயிட் பேலன்ஸுக்கும் நாய்ஸுக்கும் தொடர்புண்டு: பெரும்பாலான சென்சார்கள், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், பாதிப் பிக்சல்களைப் பச்சைக்கும் கால் பங்கைச் சிவப்புக்கும் கால் பங்கை நீலத்துக்கும் ஒதுக்குகின்றன. மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. தோலின் மஞ்சளை நீக்க நீங்கள் ஒயிட் பேலன்ஸைத் திருத்தும்போது, ஏற்கெனவே பசியோடு இருக்கும் அந்த நீலப் பிக்சல்கள் பல மடங்கு பெருக்கப்படுகின்றன. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த முகத்தின் நிழல்பக்கம் நீலத் திட்டுகளாகத் தெரிவதற்கு இதுவே காரணம். சிறிது மஞ்சளை அப்படியே விட்டுவைப்பது பெரும்பாலும் படத்துக்கும் அழகு.

அடுத்து, பல நிறப் புள்ளிகளாகத் தெரியும் நிற நாய்ஸை நீக்குங்கள். அதைத் தாராளமாகக் குறைக்கலாம், ஏனெனில் நம் கண் நிறத்தின் நுண்மையை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. நிறமில்லாத சொரசொரப்பான வெளிச்ச நாய்ஸை அப்படித் துடைக்காதீர்கள். அதில் சிறிது மிச்சம் இருந்தால் படம் உயிரோடு இருக்கும். முழுவதும் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும். ஷார்ப்பனிங்கை, தேர்ந்த பகுதியை மட்டும் மாற்றவிடும் மாஸ்க் கொண்டு விளிம்புகளுக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். கிளாரிட்டி, டிஹேஸ் ஆகிய ஸ்லைடர்கள் நிழலின் சொரசொரப்பையும் சேர்த்துக் கூட்டும் என்பதால், அவற்றை நிழற்பகுதிக்குப் பயன்படுத்த வேண்டாம். கடைசியாக, படத்தில் எது முழுக் கறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் பிளாக் ஸ்லைடரைச் சற்று இறக்குங்கள். எல்லா நிழலும் திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தூக்கி, கூந்தலின் ஆழத்தைக் கறுப்பாகவே விட்டுவிட்டால் கோடுகளுக்கு அங்கே இடமில்லை.

அடோபி 2023 ஏப்ரலில் தன் மென்பொருள்களில் சேர்த்த டீநாய்ஸ், டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், சிதறிய புள்ளிகளை நீக்குவதில் வியக்கத்தக்க அளவு முன்னேறியிருக்கின்றன. ஒழுங்கான கோடுகளை மட்டும் அவை சில நேரம் துணியின் நெசவு போன்ற உண்மையான விவரமாக எடுத்துக்கொண்டு காப்பாற்றிவிடும். பயன்படுத்திய பிறகு நிழற்பகுதிகளை மீண்டும் 100 சதவீதத்தில் பாருங்கள்.

ட்ரைபாடும் அசையாத காட்சியும் இருந்தால் இன்னொரு வழி: ஒரே அமைப்பில் 16 படங்கள் எடுத்து, அடுக்கிச் சராசரி காணுங்கள். 16-இன் வர்க்கமூலம் 4 என்பதால் சிதறிய நாய்ஸ் நான்கில் ஒன்றாகிவிடும். நிலையான கோடுகளும் சூட்டுப் புள்ளிகளும் எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பதால் சராசரியில் கரையாது. படங்களுக்கிடையே கேமராவைச் சிறிது நகர்த்திவிட்டு, மென்பொருளில் காட்சியைப் பொருத்திச் சராசரி கண்டால் அவையும் பெருமளவு மங்கும்.

ஏற்றுமதி செய்யும்போது படத்தை எந்த அளவில் பார்க்கப்போகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 6000 × 4000 பிக்சல் படத்தை 1500 × 1000 ஆகச் சுருக்கினால், ஒவ்வொரு புதிய பிக்சலும் 16 பழைய பிக்சல்களின் சராசரி. 100 சதவீதத்தில் உறுத்திய புள்ளிகள் திரையில் காணாமல் போகும். பெரிய அச்சுக்குப் போகும் படமென்றால், முழுவதையும் அச்சிடும் முன், நிழற்பகுதி உள்ள ஒரு சிறு துண்டை மட்டும் அதே அளவிலும் அதே தாளிலும் அச்சிட்டு, சுவரில் மாட்டிப் பார்க்கப்போகும் தொலைவிலிருந்து பாருங்கள்.